பாலிசியில அப்படித்தானுங்க

கால்ல விழுந்துடுச்சுங்களா? கட்டைவிரல் மேலதானே, நகத்துல இல்லீங்களே? சரி, சரி. பெட்டிய இப்படி என்ற மடியிலயே வெச்சுக்கறேன். காலுக்கு நடுவுல நிக்க வெச்சா சாயாதுன்னு பாத்தேன், இந்த டிரைவர் போடற பிரேக்குக்கு எதுதான் நிக்கும். வெறும் அட்டைப்பெட்டின்னு நினைச்சுக்காதீங்க. உள்ள இருக்கறது இரும்பு தோசைக்கல்லு. மூணு கிலோ சொச்சம் வரும்.

நீங்க பாக்கற பார்வை எனக்குப் புரியுதுங்க. கால்ல போட்டவன் ஒரு வார்த்தை சொல்லமாட்டேங்கறானேன்னு பாக்கறீங்க. வேற ஒருத்தனா இருந்தா இந்நேரம் பத்து மன்னிச்சுக்கங்க சொல்லியிருப்பான். நான் சொல்லமாட்டேனுங்க. திமிருன்னு நினைச்சுக்காதீங்க. பாலிசியில அப்படி இருக்குது.

தாராபுரம் வரைக்குமுங்களா? அப்ப நேரமிருக்குது, சொல்றேன். நான் குண்டடத்துல இறங்கோணும்.

என்ற பேரு மோகனசுந்தரம். சிங்காநல்லூருங்க. பவுண்டரியில பத்தொம்பது வருசம் சூப்பர்வைசரா இருந்தேன். பவுண்டரிய மூடினப்பறம் ஆன்லைன்ல தோசைக்கல்லு யாவாரம். பழக்கின கல்லுங்க. புதுக்கல்லுல ஊத்தினா தோசை பிச்சுக்கிட்டுத்தானே வரும்? எண்ணெய் தடவி, சூடு காட்டி, வெங்காயம் தேச்சு, ஒரு வாரம் பழக்கி அனுப்புவோம். பெட்டியப் பிரிச்ச அன்னிக்கே தோசை ஊத்திக்கலாம். எல்லாம் என்ற யோசனைதான். சரியாச் சொல்லோணும்னா, ஆன்லைன்ல விக்கலாமுங்கன்னு மொதல்ல சொன்னது என்ற சம்சாரம் கலாமணி. ஆனா அதுக்குச் சரின்னு சொன்னது நானுங்க.

ரெண்டு பேரும்தான் வேலை. அவ எண்ணெய் தடவுவா, அடுப்புல வெப்பா, துடைப்பா, படம் புடிச்சுப் போடுவா, போன் வந்தா எடுப்பா, பேக் பண்ணுவா, கூரியர்காரங்கிட்டக் கொடுப்பா. மத்ததெல்லாம் நான்.

நல்லாத்தான் போச்சு. அப்பத்தான் ஒரு பெரிய வெப்சைட்டுக்காரன், பொறுப்புக் காப்பீடு எடுத்தாத்தான் உங்க கல்லை நாங்க சேத்துக்குவோம்னான். எனக்கு ஒண்ணும் புரியல. குடோன்ல தீப்பிடிச்சா பணம் தருவான், அது தெரியும். இதென்ன பொறுப்புன்னு என்ற பெரியம்மா பையன் சென்னியப்பனக் கேட்டேன். அவன் இன்சூரன்ஸ் ஏஜென்ட்டு. அவன்தான் வெவரமாச் சொன்னான். அது நம்ம பொருளுக்கு ஆகற சேதாரத்துக்கு இல்ல, நம்ம பொருளால அடுத்தவனுக்கு ஆகற சேதாரத்துக்கு. நம்ம கல்லு ஒருத்தர் கால்ல விழுந்து அவங்க கேஸ் போட்டா, நஷ்டஈடும் கம்பெனி கொடுக்கும், வக்கீலையும் கம்பெனியே வெக்கும். நம்ம கல்லு எதுக்கடா அடுத்தவங்க கால்ல விழுகுதுன்னு கேட்டேன். விழாது, விழுந்துச்சுன்னு வெச்சுக்கோன்னான். சகுனம் சரியில்லாத பேச்சு. ஆனாலும் எடுத்தேன். எடுக்கலைன்னா வெப்சைட்டு இல்லையே.

பாலிசி ஒரு பொஸ்தகமா வந்துச்சுங்க, நாப்பது பக்கம், பூராவும் இங்கிலீசு. சென்னியப்பன உக்கார வெச்சு ஒரு ஞாயித்துக்கிழமை முழுக்கப் படிக்கச் சொன்னேன். அவன் படிச்சுச் சொல்றான், எனக்கு கொட்டாவி கொட்டாவியா வருது. ஏழாவது நிபந்தனை வந்துச்சு பாருங்க, நிமிந்து உக்காந்துட்டேன். இன்னொருவாட்டி படிடான்னேன். கம்பெனியோட எழுத்துமூலமான சம்மதம் இல்லாமல், காப்பீடு எடுத்தவர் எந்தத் தவறையும் ஒப்புக்கொள்ளக் கூடாது. அப்படித்தான் இருக்குது. இப்பவும் எனக்கு மனப்பாடம்.

எங்கப்பா, பள்ளிக்கூடத்து வாத்தியாரு, பவுண்டரி முதலாளி, என்ற சம்சாரம், இத்தனை பேரும் இத்தனை வருசமா என்னையக் கேட்ட கேள்வி ஒண்ணே ஒண்ணுதானுங்க. நீ உன் தப்ப ஒத்துக்கவே மாட்டியான்னு. ஒத்துக்காதேன்னு சொன்னது இந்தக் கம்பெனிக்காரன் ஒருத்தன்தான். எனக்குக் கண்ணே கலங்கிப் போச்சு.

அத அப்படியே தமிழ்ல பெரிய எழுத்துல அடிச்சு, லேமினேசன் போட்டு, பேக்கிங் மேசைக்கு நேர் மேல மாட்டினேன், தினசரி காலண்டர் பக்கத்துல. கலாமணிக்காகத்தான் மாட்டினது. அவளைப் பத்தி உங்களுக்குத் தெரியாது. தண்ணி தெளிக்கறப்ப பூனை மேல பட்டுட்டா பூனைகிட்டச் சொல்லுவா, மன்னிச்சுக்கோ சாமின்னு. கூரியர்காரன் ரெண்டு நாள் தாமசமாக் கொண்டுபோய்க் கொடுத்ததுக்கு இவ போன்ல, மன்னிச்சுக்கங்கக்கா, எங்களாலதான் உங்களுக்குச் சிரமம்னு சொல்லுவா. அவன் தாமசம் பண்ணினதுக்கு நாம ஏனுங்க ஒத்துக்கோணும்? அவ போனெடுத்தா நான் ஸ்கேலத் தூக்கி லேமினேசனக் காட்டுவேன். மொதல்ல திக்கினா. அப்பறம், உங்க புகாரைக் குறிச்சுக்கிட்டேனுங்கன்னு சொல்லப் பழகிட்டா. நெம்ப நல்லாச் சொன்னா. கொஞ்ச நாள்ல பாருங்க, புகார் சொல்லிக் கூப்படறவங்களே கம்மியாயிட்டாங்க. ஆர்டரும் கம்மியாச்சு. அது சீசனுங்க.

எந்நேரமும் ஒண்ணைக் கடைப்பிடிச்சா அது வூட்டுக்குள்ளயும் வந்துடுமில்லீங்களா. என்ற மாமியாருக்குக் கண் ஆபரேசன். சாயங்காலம் காரெடுத்துட்டு வந்து கூட்டிட்டுப் போறேன்னு நான்தான் சொல்லியிருந்தேன். ஒரு ஒறம்பரைச் சனத்து வூட்டு விசேசத்துல பேசிட்டே இருந்ததுல மறந்துட்டேன். கலாமணியும் கண்ணுல கட்டுப்போட்ட கிழவியும் ஆஸ்பத்திரி வாசல்ல ரெண்டு மணி நேரம் நின்னிருக்கறாங்க. நான் போனேன். அவ என்ற மூஞ்சியவே பாத்தா. நான் காரைத் துடைச்சேன். ஒரு வார்த்தை சொல்லமாட்டீங்களான்னா. நான் ஏழாவது நிபந்தனைய ஞாபகப்படுத்தினேன். இது யாவாரமில்லீங்க, எங்கம்மான்னா. இருக்கட்டும், ஒரு இடத்துல ஒத்துக்கிட்டா எல்லா இடத்துலயும் நாக்கு வழுக்கிடும்னு பொறுமையாத்தான் எடுத்துச் சொன்னேன். அன்னிக்குப் பூரா அவ பேசல. அதுக்கும் நான் ஒண்ணும் சொல்லலீங்க.

இப்ப விசயத்துக்கு வர்றேன். கால் வலிக்குதுங்களா? தேச்சுக்கிட்டே இருக்கறீங்களே.

நம்ம கல்லுக்கு மரக் கைப்பிடி. அதைக் கல்லோட சேத்து ரெண்டு போல்ட்டு போடுவோம். ரெண்டு போட்டா கல்லுக்கு ஆறு நிமிசம் ஆகுது, ஒண்ணு போட்டா மூணு நிமிசம். பவுண்டரியில இருந்தவனுக்கு இது தெரியாதுங்களா? தீவாளி ஆர்டருக்கு எல்லாம் ஒத்தைப் போல்ட்டா மாத்திட்டேன். கலாமணி ஒரு கல்லைத் தூக்கி ஆட்டிப் பாத்துட்டு, கைப்பிடி சுத்தும்போல இருக்குதுங்க, ரெண்டே இருக்கட்டும்னா. இறுக்கி முடுக்கினா சுத்தாதுன்னேன். அது வேற விசயமுங்க. அந்தப் போல்ட்டுக்கும் டீச்சர் கால்ல கல்லு விழுந்ததுக்கும் சம்பந்தம் இருக்குதுன்னு நான் இதுவரைக்கும் யாருகிட்டயும் சொன்னதில்ல. உங்ககிட்டயும் சொல்லல. போல்ட்டைப் பத்தித்தான் சொன்னேன்.

டீச்சர்னா எஸ்தர் ராஜம்னு ஒரு அம்மா, நாகர்கோயில்ல ரிட்டையராகித் தனியா இருக்கறாங்க. தீவாளிக்கு நம்ம கல்லு ஒண்ணு வாங்கியிருக்கறாங்க. அடுப்புல இருந்து எறக்கறப்ப கைப்பிடி சுத்தி, கல்லு சூட்டோட கால்ல விழுந்துடுச்சாம். தோலெல்லாம் வெந்துபோய், விரல் எலும்பும் விட்டுப்போச்சு. அவங்க கூப்பட்டப்ப கலாமணிதான் எடுத்தா. எடுத்தவ அய்யோ அம்மான்னு ஆரம்பிச்சா. நான் போனை வாங்கிட்டேன். அந்தம்மா நெதானமாத்தான் பேசினாங்க.

"தம்பி, எனக்குப் பைசா ஒண்ணும் வேண்டாம். எங்க பக்கத்துல தப்பாயிப் போச்சுன்னு ஒரு வார்த்தை சொன்னா மதி, அது போதும். இனி ஒருத்தருக்கும் இப்படி ஆகாதபடிக்குப் பாத்துக்கிடுங்க."

எப்படி மடக்கறாங்க பாத்தீங்களா? காசு வேணும்னு கேட்டிருந்தாக்கூட கம்பெனி கொடுத்திருக்கும். எதைக் கொடுக்கக்கூடாதோ அதையே கேக்கறாங்க. உங்க புகாரைக் குறிச்சுக்கிட்டேனுங்கன்னு சொன்னேன். அடுத்த வாரம் மறுபடியும் கூப்பட்டாங்க, அதே பேச்சு. நானும் அதே பதில். மூணாவது தடவ கூப்பட்டப்ப, தம்பி உங்களுக்கு அம்மா இருக்காங்களான்னு கேட்டாங்க. அது பாலிசிக்குச் சம்பந்தமில்லாத கேள்விங்க.

அப்பறம் கூப்படல. வக்கீல் நோட்டீஸ் வந்துச்சு. நுகர்வோர் ஆணையத்துல கேஸு, நாலு லட்சம் நஷ்டஈடு.

மத்தவனா இருந்தா ஆடிப்போயிருப்பான். எனக்குச் சந்தோசமுங்க. உள்ளதைத்தான் சொல்றேன். ரெண்டு வருசமாக் கட்டின பிரீமியத்துக்கு இப்பத்தான் வேலை வந்திருக்குது. சென்னியப்பனுக்குப் போன் போட்டேன், கம்பெனிக்கு எழுதிப் போட்டேன். விசாரிக்கறதுக்குக் கம்பெனி சர்வேயர் வந்தாரு. எங்கயாவது தப்ப ஒத்துக்கிட்டீங்களான்னு கேட்டாரு. லேமினேசனக் காட்டினேன். மனுசன் அசந்துட்டாரு. இந்த மாதிரி ஒரு பாலிசிதாரரை நான் பாத்ததே இல்லைன்னாரு. என்ற வாழ்க்கையில எனக்குக் கிடைச்ச சர்டிபிகேட்டு அது ஒண்ணுதானுங்க.

கலாமணி மட்டும் சோறு சரியாத் திங்கல. அந்தம்மா தனியா இருக்கறாங்களாமா, பாத்ரூம் போறதுக்கு என்ன பண்றாங்களோன்னு அதையே சொல்லிட்டு இருந்தா. கம்பெனி வக்கீல் பாத்துக்குவாருன்னேன்.

ஒருநாள் அம்மா வூட்டுக்குப் போயிட்டு வர்றேனுங்கன்னு கெளம்பினா. பையில ஆரஞ்சு, பிரெட்டு, ஒரு தோசைக்கல்லு. அம்மா வூட்டுக்கு எதுக்கு ஆரஞ்சுன்னு எனக்குத் தோணியிருக்கோணும். தோணல. ஒரு நா விட்டு மறுநாள் திரும்பி வந்தா. வந்தவ நல்லாச் சாப்புட்டா. நானும், அம்மா வூட்டுக்குப் போனா இவளுக்குத் தெளிஞ்சுடுதுன்னு விட்டுட்டேன்.

இருபது நாள் கழிச்சு ஒரு கவர் வந்துச்சு. அந்த டீச்சர் ஆணையத்துக்கு எழுதின கடுதாசியோட நகல். கையெழுத்துன்னா அது கையெழுத்துங்க, குண்டு குண்டா, ஒரு அடித்தல் திருத்தல் இல்ல. கலாமணி என்பவர் நேரில் வந்தார், ஒரு போல்ட்டு மட்டும் போட்டது தங்கள் தவறு என்று சொன்னார், என் காலைத் தொட்டுப் பார்த்து அழுதார், எனக்கு வேறு பரிகாரம் தேவையில்லை, வழக்கைத் திரும்பப் பெறுகிறேன். அவ்வளவுதான்.

பின்னாலயே கம்பெனிக்காரங்கிட்ட இருந்து ஒரு கடுதாசி. நீங்க ஏழாவது நிபந்தனைய மீறிட்டீங்க, வழக்கும் முடிஞ்சுட்டதால கோப்பை மூடறோம்னு. நான் மீறினேனாம். நானுங்க! சர்வேயர் மூஞ்சியில நான் எப்படி முழிப்பேன்?

கேஸு போயிடுச்சே, நல்லதுதானேங்கறீங்க. எல்லாரும் அதையேதான் சொல்றாங்க. சென்னியப்பன் சொல்றான், அண்ணா சாமி கும்பிடுங்கன்னு. என்னுங்க நல்லது? நாலு லட்சத்துக்குக் கம்பெனி தயாரா இருந்துச்சு, வக்கீல் தயாரா இருந்தாரு, ஆரஞ்சு கொண்டுபோய்க் கொடுத்துக் கெடுத்துட்டா. ரெண்டு வருசப் பாலிசிய நாம பயன்படுத்தவே இல்ல. யாராவது இதை யோசிக்கறாங்களா?

அன்னிக்கு நான் சத்தமே போடலீங்க. பேக்கிங் மேசைக்கு இந்தப் பக்கம் நான், அந்தப் பக்கம் அவ. ரெண்டு கடுதாசியவும் மேசை மேல வெச்சேன். நடந்தது நடந்துபோச்சு கலா, நீ செஞ்சது தப்பு, அதுக்கு எங்கிட்ட ஒரு மன்னிப்புக் கேட்டுடு, நான் மறந்துடறேன்னேன். பெருந்தன்மையாத்தானே சொன்னேன்? பூனைகிட்டக் கேக்கறவ, கூரியர்காரனுக்காகக் கேக்கறவ, எங்கிட்டக் கேக்கறதுக்கு என்னுங்க? அவ கையில இருந்த டேப்பை மேசை மேல வெச்சா. மேல லேமினேசனப் பாத்தா. என்னையப் பாத்தா.

"எல்லார்த்துகிட்டயும் கேட்டுட்டேனுங்க. உங்ககிட்ட மட்டும் கேக்கறதா இல்லீங்க."

சேலை நாலு, எண்ணெய்த் துணி, அவளோட போனு. அதை எடுத்துட்டுக் குண்டடம் போயிட்டா, அவங்கம்மா வூட்டுக்கு. இன்னியோட நாப்பத்தேழு நாள்.

ஆர்டர் பூராவும் அந்தப் போன்லதான் வருது. பேஜும் அவ போன்லதான். என்ற பேருல இருந்தது பாலிசி மட்டும்தானுங்க. இப்ப குண்டடத்துல ரோட்டு மேலயே ஒரு கடைய வாடகைக்குப் புடிச்சு, அங்க இருந்தே அனுப்பறா, ரெண்டு போல்ட்டு போட்டு. அந்த டீச்சர் பேஜ்ல எழுதியிருக்கறாங்க, இவங்க கல்லை நம்பி வாங்கலாம், தவறு நடந்தால் வீடு தேடி வருவார்கள்னு. அதைப் படிச்சுட்டு நாகர்கோயில்ல பாதிப் பேரு கல்லு வாங்கறாங்களாம். கால்ல கல்லு விழுந்தவங்க சிபாரிசு பண்ணி நான் எங்கயும் கேள்விப்பட்டதில்ல.

எங்கிட்ட இருக்கறது முந்நூறு ஒத்தைப் போல்ட்டுக் கல்லு. லேமினேசன். பூனைகூட அவ போனதுல இருந்து வர்றதில்லீங்க. வூட்ல ஒரு சத்தமில்ல. காலையில எந்திரிச்சா யாருகிட்டப் பேசறதுன்னு தெரியல. சங்கடமா இருக்குது. அவ இல்லாம எனக்கு முடியலீங்கண்ணா. இதை ஏன் உங்ககிட்டச் சொல்றேன்னு தெரியல, முன்னப்பின்ன தெரியாத ஆளு.

போன வாரம் நானே தோசை ஊத்தலாம்னு பாத்தேன். முந்நூறு கல்லு வெச்சுக்கிட்டுப் பட்டினி கிடக்கறதுன்னா கேக்கறவங்க சிரிப்பாங்க. ஒரு கல்லைப் பிரிச்சு அடுப்புல வெச்சேன். தோசையெல்லாம் நல்லாத்தான் வந்துச்சு, அவ பழக்கின கல்லு. எறக்கறப்ப கையில கைப்பிடி அப்படியே சுத்திருச்சுங்க. என்ற கால்ல விழல. ஒரு சாண் தள்ளி விழுந்துச்சு. தரையில டைல்ஸ் ரெண்டாப் போச்சு. நான் அடுப்பைக்கூட அணைக்காம அந்த டைல்ஸையே பாத்துட்டு நின்னேன். அந்த டீச்சரம்மாவுக்கு எழுபது வயசுங்க.

மறுநாள் டிரில் மிசினெடுத்து இந்தக் கல்லுக்கு ரெண்டாவது ஓட்டை போட்டேன். ரெண்டாவது போல்ட்டும் போட்டேன். தூக்கி ஆட்டிப் பாத்தேன், அசையல. இதைக் கொண்டுபோய் அவ முன்னால வெச்சுடலாம்னுதான் கெளம்பினேன். பாத்தவுடனே அவளுக்குப் புரிஞ்சுடுமில்லீங்களா? கெட்டிக்காரிங்க அவ. ரெண்டு போல்ட்டப் பாத்தா புரிஞ்சுக்கமாட்டாளா?

என்னது, வாயால சொல்லோணுமுங்களா?

அதெப்படிங்க. இத்தனை நேரமா நான் என்ன சொல்லிட்டு வர்றேன்? பாலிசியில... இல்லீங்க, அது போன மாசமே முடிஞ்சுபோச்சு. நான் புதுப்பிக்கல. கல்லு விக்காதவனுக்குப் பாலிசி எதுக்கு? ஆமாங்க, இப்ப எந்தப் பாலிசியும் இல்ல. இல்லதான்.

அப்பறம் எது தடுக்குதுங்கறீங்களா?

இருங்க, யோசிக்கறேன். இந்தக் கேள்விய சென்னியப்பன்கூடக் கேக்கலையே.

குண்டடம் வந்துருச்சுங்களா? அதுக்குள்ளயா? அதா பாருங்க, அந்த நீலச் சட்டர் போட்ட கடை. வெளியில பெட்டி அடுக்கியிருக்குது பாருங்க, அதேதான். உள்ள நிக்கறது அவதானுங்க. வாயில டேப்பைக் கடிச்சுக்கிட்டு நிக்கறா பாருங்க, அப்படித்தான் கடிப்பா. இளைச்சுட்டாளாட்ட இருக்குது. இல்ல, இளைக்கல. நல்லாத்தான் இருக்கறா. இப்ப டேப்பை எடுத்துட்டு, சிரிச்சுட்டுப் போன்ல பேசறா.

இல்லீங்க கண்டக்டர், நான் இறங்கல. போலாம், போலாம். அடுத்த ஸ்டாப்புக்கு எவ்வளவோ அதைக் கொடுத்துடறேன்.

அப்படிப் பாக்காதீங்கண்ணா. கல்லு இருந்தும் வெறும் கையோட இறங்கற மாதிரி இருந்துச்சு. அடுத்த ஸ்டாப்புல இறங்கித் திரும்பி நடந்து வந்துடுவேன். அதுக்கு எவ்வளவு நேரமாகுமுங்க? பத்து நிமிசமா? போதும். ஒரு ஒத்தாசை பண்ணுங்க. உங்க கால்ல கல்லைப் போட்டேனில்லீங்களா, அதுல ஆரம்பிச்சுப் பாக்கறேன். பாலிசிதான் இல்லையே.

அண்ணா, பெட்டியச் சாயற மாதிரி வெச்சது நான்தானுங்க. என்ற தப்புத்தான். மன்னிச்சுக்கங்க. ஆனா நீங்களும் செருப்பைக் கழட்டிப்போட்டு, காலை இந்தப் பக்கம் நீட்டி வெச்சுட்டு உக்காந்திருந்தா...

ஏனுங்க சிரிக்கறீங்க?

கடைசியில வந்ததை விட்டுடோணுமுங்களா? அது தானா வந்துடுச்சுங்க. சரி, இருங்க. மறுபடியும் மொதல்ல இருந்து வர்றேன். அந்தக் காலைச் சித்தெ முன்னால வையுங்க, பாத்துட்டே சொன்னாத்தான் எனக்கு வரும்.